வீட்டுக்கு ஒரு சிவப்பு ஆள்

முத்துச்சிப்பி அடுக்ககத்திலேயே பச்சையான மனுஷி யார் என்று கேட்டால் எல்லோரும் மூன்றாம் மாடி பிரின்சியைத்தான் கைகாட்டுவார்கள். அவள் வெறும் பச்சைகூட இல்லை, கரும்பச்சை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்று சொன்னால் அது பொய். நிறையவே உண்டு.

இது 2061. தூத்துக்குடியில் அறுபதைத் தாண்டிய பெண்களுக்கெல்லாம் பிரின்சி, ஷெரின், ஜெனிஃபர் என்று பெயர் இருந்த காலம். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் அமுதினி, வேல்நெடுங்கண்ணி என்று தோண்டியெடுத்த பழம்பெயர்கள்.

பச்சை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் பிரஷர் பார்ப்பதென்றால் புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். அதற்குப் பிறகு வந்தது அகநாடி. மணிக்கட்டில் பூணூல் கனத்தில் ஒரு வளையம், கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை, அவ்வளவுதான். இதயம் துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் எவ்வளவு என்று பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாதம் ஒருமுறை வந்துபோனவர்களின் வீட்டுக்கெல்லாம் காப்பீட்டு நிறுவனமே அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது.

எவ்வளவு என்று சொல்வதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லதாகப் போயிருக்கும். யாரால் என்றும் அது சொல்ல ஆரம்பித்தது. வீட்டுக்குள் யார் வந்தாலும் அவர் சட்டைப்பையில் இருக்கும் செல்போனை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அவர் பக்கத்தில் இருக்கும்போது நோயாளியின் அழுத்தம் இறங்கினால் அவர் பெயர் பலகையில் பச்சை. ஏறினால் மஞ்சள். ஏறிக்கொண்டே போனால் சிவப்பு.

அப்புறம் சொல்ல வேண்டுமா? ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஆபீசிலும் ஒன்றை மாட்டி, மேனேஜர் சிவப்பு என்று சங்கம் கொடி பிடித்தது. பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளையின் அம்மா எந்த வீட்டில் என்ன நிறம் என்று நைசாக விசாரித்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் தன் மாமியார் சிவப்பு என்று பலகை சொன்ன அன்று மாடிக்கு மாடி லட்டு கொடுத்தார். வாங்கித் தின்றவர்களில் பாதிப்பேர் வேறு ஏதோ வீட்டில் சிவப்பாக இருந்தவர்கள்தான்.

பிரின்சியின் புருஷன் ஜோஸ்வின் துறைமுகத்தில் இழுவைப் படகு மாஸ்டராக இருந்தவர். பெரிய கப்பலைக் கயிறு போட்டு இழுத்து, அணைத்து, தளத்தில் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே அவருக்கு வளர்ந்த குரல். வீட்டில் உப்பு கேட்டாலும் அடுத்த தெருவில் இருக்கிறவர்கள் எடுத்துக் கொடுக்கிற அளவுக்குக் கேட்பார். ஓய்வுபெற்ற வருஷமே பக்கவாதம் வந்தது. ஆள் தப்பித்துவிட்டார். இடது கை மட்டும் தம்ளரைப் பிடிக்கக் கொஞ்சம் யோசிக்கும்.

அன்றிலிருந்து பிரின்சி அந்த வீட்டுக்குக் காவல் ஆனாள். உப்பைக் குறைத்தாள், கருவாட்டை நிறுத்தினாள், மாத்திரையை வேளை தவறாமல் கையில் கொடுத்தாள். அதெல்லாம் சரி. அதோடு கெட்ட செய்தி எதையும் வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. "அவியளுக்குப் பிரஷர் இருக்கு, சொல்லிராதிய" என்று வருகிற ஆளிடமெல்லாம் வாசலிலேயே காதோடு சொல்லி அனுப்பினாள். மேல்மாடித் தொட்டி உடைந்தது அவருக்குத் தெரியாது. தங்கச்சி வீட்டுத் தகராறு தெரியாது. படகில் அவரோடு நிழலாக இருந்த லாசர் செத்துப்போனதுகூடச் சொல்லப்படவில்லை. வந்தவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள். எல்லோரும் பச்சை. வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது.

சிவப்பு ஒரே ஆள்தான். அவர்களுடைய ஒரே மகள் அமுதினி.

அது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. ஆளில்லாமல் ஓடுகிற இழுவைப் படகுகளுக்கு மூளை எழுதுகிற குழுவில் அமுதினிதான் தலைமை. அப்பன் முப்பது வருஷம் நின்ற இடத்தில் இன்று ஆள் நிற்பதில்லை என்றால் அதற்கு மகளும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சண்டை தொடங்கிவிடும்.

"நேத்து ஒன் படகு தளத்துல இடிச்சிட்டாமே?"

"இடிக்கலப்பா. தொட்டுச்சு."

"தொட்டுச்சா! மேக்கேயிருந்து கச்சான் காத்து அடிக்கையில கயித்த அப்படியா வெடுக்குன்னு இழுக்கது? கப்பல் என்ன ஆட்டுக்குட்டியா?"

அவ்வளவுதான். அவர் மேசையைத் தட்டுவார், அவள் தண்ணீர்த் தம்ளரைக் கப்பலாக்கி சாப்பாட்டுத் தட்டைத் தளமாக்குவாள். பலகையில் எண் ஏறும். பிரின்சி கரண்டியோடு நடுவில் நின்றுகொண்டு, "விடுங்க, விடுட்டி" என்று இரண்டு பக்கமும் கெஞ்சுவாள். கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை அமுதினி அப்பாவோடு அவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். உள்ளே என்ன நடந்ததோ, பலகை முழுக்கச் சிவந்து, அகநாடி தானாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்தபோது ஜோஸ்வின் கட்டிலில் உட்கார்ந்து முகம் கழுவிய ஈரத்தோடு அவர்களை முறைத்தார். ஆனால் செல்போனைக் கண்டால் தானாகத் திறக்கிற வாசல் கதவை அந்த நாளோடு அகநாடி மகளுக்குப் பூட்டிவிட்டது.

இப்போது, மகள் இனி வீட்டுக்குள் வரவே கூடாது என்கிற நிரந்தர விலக்குக்கு நிறுவனம் கேட்டிருந்தது. வீட்டுப் பொறுப்பாளர் கைரேகை வைத்தால் போதும். வைக்காவிட்டால் காப்பீடு கிடையாது, அடுத்த பக்கவாதத்துக்கு அவர்கள் பொறுப்பும் கிடையாது.

கைரேகை வாங்க ஆள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தாயும் மகளும் பேக்கரியில் சந்தித்தார்கள். அமுதினி வாங்கி வைத்த மக்ரூனை இரண்டு பேரும் தொடவில்லை.

"கைரேகையப் போட்ருங்கம்மா," என்றாள் அமுதினி.

"என்னட்டி சொல்லுத?"

"நான் வந்தா அப்பாவுக்கு ஏறுது. மெஷினு பொய் சொல்லுமா? நானும் நம்பர எழுதுதவதான், எனக்குத் தெரியாதா? விசாகப்பட்டினம் துறைமுகத்துல கூப்பிடுதாங்க. நான் போயிருதேன். இதே ஊர்ல இருந்துக்கிட்டு அப்பாவப் பாக்க வராம இருக்க என்னால முடியாது."

பெற்ற பிள்ளையை வீட்டுக்குள் விடாதே என்று கைரேகை வைப்பதா? வைக்காமல் இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டில் எதைச் செய்தாலும் பாவம் பிரின்சி தலையில்தான். மகளின் தலையில் கைவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நிறுவனத்திலிருந்து ரிஸ்வானா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். காயல்பட்டினத்துக்காரி, நர்சிங் படித்தவள். கைரேகை வாங்குவதற்கு முன்னால் வளையம் ஒழுங்காக அளக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்றாள். பையிலிருந்து அவள் எடுத்த பொருளைப் பார்த்துப் பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. பட்டையும் காற்றுக்குழாயும் வைத்த அதே பழைய மெஷின்.

"இதெல்லாம் இன்னுமா இருக்கு?"

"வளையம் தப்புப் பண்ணுதான்னு பாக்க இதுதான் ஆன்ட்டி தராசு. வருஷத்துக்கு ஒருக்க இத வச்சுத்தான் திருத்துவோம்," என்ற ரிஸ்வானா ஜோஸ்வின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், காப்பி குடிச்சு அரைமணி நேரம் ஆச்சா? பாத்ரூம் போகணும்னா போயிட்டு வந்துருங்க. அடக்கிக்கிட்டு இருந்தா கூடுதலாக் காட்டும்."

ஜோஸ்வின் தலையை மட்டும் ஆட்டினார். அவரை முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்தாள். பின்னிக்கொண்டிருந்த கால்களைப் பிரித்துப் பாதம் தரையில் படும்படி வைத்தாள். சட்டைக் கையை மேலே தள்ளி வெறும் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். கை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி மேசைமேல் ஒரு தலையணை.

"இனி அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. அப்புறந்தான் அளக்கணும்."

பிரின்சியால் சும்மா இருக்க முடியுமா? "அவியளுக்கு ராத்திரி சரியாத் தூக்கமில்ல பாத்துக்க, அதான் கண்ணு…" என்று ஆரம்பித்தாள். ரிஸ்வானா உதட்டில் விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, பேசாதீங்க. அங்கிள் பதில் சொல்லிருவாங்க."

"இவியளா? பதிலா?" பிரின்சி சிரித்துவிட்டாள். "அதெல்லாம் சொல்லமாட்டாவ. ஆமா, சொன்னா என்ன?"

ரிஸ்வானா கடிகாரத்தைக் காட்டினாள். முதல் தடவை அளந்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தாள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக் குறித்துக்கொண்டு பட்டையைக் கழற்றினாள். "வளையமும் இதுவும் ஒத்துப்போகுது. அளவு சுமார்தான். நூத்தி முப்பத்தாறு. இன்னும் கொஞ்சம் இறங்கணும்." பிறகுதான் பிரின்சியின் கேள்விக்கு வந்தாள். "பேசினா ஏறும் ஆன்ட்டி. பத்து, பதினஞ்சுகூட ஏறும்."

"கோவமாப் பேசினாலா?"

"கோவமெல்லாம் வேண்டாம். மீன் வெலை என்னன்னு கேட்டாலே ஏறும்."

பிரின்சிக்கு எதிலோ இடறிய மாதிரி இருந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "எனக்கு அளந்து காட்டு," என்றாள்.

ரிஸ்வானாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கத் தோன்றவில்லை. சும்மா இருக்கவைத்து அளந்தாள். நூற்று இருபத்திரண்டு. "இப்போ நான் பேசுதேன், அளந்து பாரு," என்றாள் பிரின்சி. என்ன பேசுவது? மேசைமேல் கிடந்த அகநாடி விளக்கக் கையேட்டை எடுத்து, வளையத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், வெயிலில் காயவைக்கக் கூடாது என்று சத்தமாக வாசித்தாள். பட்டை இறுக்கிப் பிடித்து மெல்லத் தளர்ந்தது. நூற்று முப்பத்தைந்து.

"ஈரத்துணிமேல எனக்கு என்ன கோவம்?" என்றாள் பிரின்சி. "அந்த வளையம் எப்பவும் அளக்குதுல்லா?"

"ஆமா. ராப்பகலா."

"பேசும்போதும் அளக்குமா?"

"அளக்கும்."

"அவிய பேசிக்கிட்டிருக்காவ, அதான் ஏறுதுன்னு அதுக்குத் தெரியுமா?"

ரிஸ்வானா பையின் ஜிப்பை இழுத்தவள் பாதியில் நிறுத்தினாள். "தெரியாது ஆன்ட்டி. வீட்டுக்குள்ள எந்த மெஷினும் பேச்ச ஒட்டுக்கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால காது வைக்காமத்தான் செய்யுதாங்க. யார் பக்கத்துல இருக்காங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

"அப்போ எம்மவ வந்தா ஏறுதுன்னு சொல்லுதது…"

"அவங்க வந்தா அங்கிள் பேசுறாங்களா?"

பேசுகிறாரா! அவள் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் மறுபடி மாட்டும்வரை நிறுத்துவதில்லையே. மகள் வந்தால் மட்டும்தான் அந்த மனுஷன் பேசுகிறார். மற்றவர்கள் வந்தால் வெயில், பிஸ்கட், தலையாட்டல்.

பிரின்சிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது முதலில் சந்தோஷத்தில்தான். மகள் அப்பனைக் கொல்லவில்லை. மாதாவே, என் பிள்ளை சிவப்பு இல்லை! அதைச் சொல்லத்தான் அவள் கணவர் பக்கம் திரும்பினாள். திரும்பும்போது சுவர்ப் பலகை கண்ணில் பட்டது. எல்லாப் பெயருக்கும் மேலே, கரும்பச்சையில், அவள் பெயர்.

கணக்கு ஒன்றுதானே. மகளுக்கு ஒரு கணக்கு, பெண்டாட்டிக்கு ஒரு கணக்கு கிடையாதே. மகள் பக்கத்தில் இருந்தால் பேசுகிறார், அதனால் சிவப்பு. அப்படியென்றால் கரும்பச்சை எதனால்? இத்தனை நாளும் எதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள் அவள்?

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புதிதாக வந்த பெண் முன்னால் என்ற கூச்சம்கூட இல்லை.

"என்னங்க. நீங்க ஏன் எங்கிட்ட பேசமாட்டேங்கிய?"

ஜோஸ்வின் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். கப்பலைக் கூப்பிட்ட அந்தக் குரல் மெலிந்து வந்தது.

"நான் வாயத் தொறந்தா நீ என் மூஞ்சியப் பாக்கதில்ல பிரின்சி. செவுத்தப் பாக்க. நம்பர் ஒண்ணு ஏறினாலும் ஒனக்கு மூச்சு நின்னுபோவுது. அப்படி ஒருத்தியப் பயங்காட்டிக்கிட்டு நான் என்னத்தப் பேச?"

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான…"

"தெரியும்ட்டி. அதான் வாய மூடிக்கிட்டேன்." அவர் தம்ளரை இடது கையால் எடுக்கப் பார்த்து, முடியாமல் வலது கைக்கு மாற்றினார். "லாசரு போயிட்டாம்லா."

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அமுதுதான் சொன்னா. அன்னைக்கிக் கதவச் சாத்திக்கிட்டு. அவ தோள்ல சாஞ்சு அழுதேன். அழுது முடிச்சதும் நெஞ்சு லேசாச்சு. அதுக்குள்ள ஆம்புலன்ஸு. நான் அழுதேன்னு தெரிஞ்சா நீ ஒடிஞ்சிருவேன்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

ஆக, அவருக்கு ஏறிவிடும் என்று அவள் மறைத்தாள். அவளுக்குத் தாங்காது என்று அவர் மறைத்தார். நடுவில் மாட்டிக்கொண்ட மகள், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, சிவப்பு என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு பேக்கரியில் உட்கார்ந்திருந்தாள். பிரின்சி எழுந்துபோய்ப் புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய அந்த இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ரிஸ்வானா சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரின்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் கைரேக வைக்கமாட்டேன். ஒன் ஆபீஸ்ல என்ன வேணும்னாலும் செய்யட்டும்," என்றாள்.

"வைக்காதீங்க," என்றாள் ரிஸ்வானா. "ஆனா சும்மா வைக்கமாட்டேன்னு சொன்னா காப்பீட்ட நிறுத்திருவாங்க. அளந்து காட்டணும். மகளக் கூப்பிடுங்க."

மகளுக்குத்தான் கதவு திறக்காதே, எப்படி என்று பிரின்சி விழித்தாள். ரிஸ்வானா பலகையில் ஏதோ தட்டினாள். "சோதனைன்னு போட்டுட்டேன். இன்னைக்கு முழுக்கத் திறக்கும். ஆம்புலன்ஸும் வராது."

அமுதினி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மா அழுதிருப்பது தெரிந்தது. அப்பாவுக்கு என்னவோ என்று முகம் வெளுத்துப்போனது. நடந்ததை ரிஸ்வானா சொன்னாள். நம்பரை எழுதுகிறவளாயிற்றே, அவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குக் காதில்லன்னு நான் யோசிக்கவே இல்லியே!"

"கச்சான் காத்துக்கும் நீ யோசிக்கல," என்றார் ஜோஸ்வின்.

"அங்கிள்! அஞ்சு நிமிஷம்!" ரிஸ்வானா கத்தினாள். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும். பேசக் கூடாது."

அந்த ஐந்து நிமிஷம் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அப்பன் தொண்டையைச் செருமினார். மகள் தம்ளரை எடுத்து மேசையில் நகர்த்தினாள். அப்படி இழுக்கக் கூடாது என்று அவர் கண்ணாலேயே காட்டினார். பிரின்சி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். மறந்தும் அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எவ்வளவு வயதாகிப்போயிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

பட்டை தளர்ந்தது. மறுபடி ஒருமுறை அளந்தாள். மகள் தோளோடு தோள் உட்கார்ந்திருக்க, நூற்று இருபத்தெட்டு. காலையில் இருந்ததைவிடக் குறைவு.

"இப்போ பேசுங்க," என்றாள் ரிஸ்வானா. மடை திறந்துவிட்டது. கயிற்றை எப்போது தளரவிட வேண்டும், கப்பல் சாயும் முன்னால் படகு எப்படி அதன் விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் கைவீசிச் சொல்ல, அமுதினி முதலில் மறுத்தாள், பிறகு திடீரென்று நிறுத்தி, "இருங்கப்பா, அத மறுபடி சொல்லுங்க," என்று செல்போனில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். எண் நூற்று ஐம்பதுக்குப் போனது. ரிஸ்வானா இரண்டு பேரையும் மறுபடி வாயை மூடவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"பேசினா, சிரிச்சா, மாடிப்படி ஏறினா ஏறத்தான் செய்யும். ஏறினது இறங்குதான்னுதான் பாக்கணும்," என்றாள். "அமைதியா இருக்கையில எவ்வளவுன்னு தினம் பாக்கதுதான் முக்கியம். ஆனா ஒருநாள் அளந்தது கணக்குல வராது ஆன்ட்டி. ஒரு வாரம், காலையில மாத்திர போடுறதுக்கு முன்னாடி, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி, நான் செஞ்ச மாதிரியே அளந்து வைங்க. அத வச்சு மேல எழுதுறேன். மாத்திரைய நிறுத்திராதீங்க. கருவாடும் கிடையாது."

"கருவாடுமா?" என்றார் ஜோஸ்வின் பரிதாபமாக. அவர் அந்த வீட்டில் தானாக ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! பிரின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கிடையாது," என்றாள். "வேணும்னா கருவாட்டப் பத்திப் பேசுங்க. நான் கேக்கேன்."

ரிஸ்வானா கிளம்பினாள். பிரின்சி வழியனுப்ப வாசல்வரை வந்தாள். காப்பிகூடக் கொடுக்கவில்லையே என்று அலமாரியில் இருந்த மக்ரூன் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"ஆன்ட்டி, அளக்குற மெஷின உங்ககிட்ட நாளைக்குக் கொண்டுவந்து தாரேன். இன்னைக்கு மட்டும் எனக்கு வேணும்."

"வேற வீட்டுக்குப் போவணுமா?"

"எங்க உம்மா வீட்டுக்கு." அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டினாள். "எங்க ஊர்ல பொண்ணுங்க கல்யாணம் ஆனாலும் உம்மா வீட்டுலதான் இருப்போம். மாப்பிள்ளைதான் வருவாரு. நான் மட்டும் ரெண்டு வருஷமா இங்க வாடகைக்கு இருக்கேன். உம்மாவுக்கு நானே வளையம் மாட்டிவிட்டேன். அது என்னச் சிவப்புன்னுச்சு. நானே எனக்கு விலக்கையும் எழுதிக் குடுத்தேன். பேசினா ஏறும்னு நர்சிங்ல முதல் வருஷமே படிச்சதுதான், தினம் பத்து வீட்டுல சொல்றதுதான். எங்க வீட்டுக்குன்னு வரும்போது தோணல."

அந்தப் பெண்ணின் முந்தானை தோளில் சரிந்திருந்தது. பிரின்சி அதை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, "போ மக்கா. வெரசாப் போ," என்றாள்.

ரிஸ்வானா படியிறங்கினாள். கீழ்த்தளத்துக்குப் போவதற்குள் செல்போனைக் காதில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. படிக்கட்டு முழுக்க அவள் குரல் எதிரொலித்தது.

"உம்மா, நான்தான். இப்பவே வாரேன். இல்ல, கதவுக்கு நான் வழி பண்ணிக்கிறேன். வந்ததும் அஞ்சு நிமிஷம் ஒங்க பக்கத்துல சும்மா உக்காந்துக்குவேன், நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க. அஞ்சே நிமிஷம் உம்மா. அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் பேசுவோம்."